இரண்டு வெட்டுக் கரண்டிகள்

மலாக்காவில் ஆற்றை ஒட்டிய ஒரு சந்தில் கிம் நியோவின் வாடகைப் பாத்திரக் கொட்டகை இருந்தது. கல்யாணம், கருமாதி, பிள்ளைக்குப் பேர் வைப்பது என்று எதுவானாலும் தட்டும் கோப்பையும் கரண்டியும் வேண்டுமென்றால் ஊரார் அங்கேதான் வந்து நிற்பார்கள். உள்ளே மூன்று சுவர்களில் மூன்று அலமாரிகள். சீனர் வீடுகளுக்குப் போகிறவை இடப்பக்கம். மலாய்க்காரர் வீடுகளுக்குப் போகிறவை எதிர்ச் சுவரில். சீனரின் ஒன்பதாம் மாதத்தில் கறி மீன் தொடாமல் விரதம் இருப்பவர்களின் சைவப் பாத்திரங்கள் வலப்பக்கம். கழுவுகிற தொட்டி மூன்று, துடைக்கிற துணி மூன்று நிறம், காயப்போடுகிற கொடியும் மூன்று. ஒரு சுவரின் துணி இன்னொரு சுவருக்குப் போகாது. அவள் கணவன் ஹோக் லியோங் ஒருமுறை அவசரத்துக்கு வலப்பக்கத் துணியில் முகம் துடைத்துவிட்டான். அந்தத் துணியை அவள் அன்றே வேன் துடைக்கக் கொடுத்துவிட்டாள்.

இந்த ஏற்பாட்டை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ரப்பர் கம்பெனி மூடப்பட்டு ஹோக் லியோங்கின் குமாஸ்தா வேலை போன வருஷம், வீட்டில் விலைபோகும்படி இருந்தது மாமியாரின் விருந்து மேசைப் பாத்திரங்கள் மட்டும்தான். நூற்று நாற்பது தட்டுகள். விற்க மனம் வராமல் வாடகைக்கு விட்டாள். தட்டுகள் போன வீட்டுக்கெல்லாம் அவளும் கூடவே போய்ச் சமையல்கட்டு வாசலில் நின்று, யார் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பாள். தட்டு உடைகிறதா என்று பார்க்கத்தான் முதலில் போனாள். பிறகு அதுவே படிப்பாகிவிட்டது.

மீன்பிடிக் குடும்பங்களில் தட்டிலுள்ள மீனை ஒரு பக்கம் தின்றபின் புரட்டிப் போடக்கூடாது, படகு கவிழும் என்பார்கள். ஆகவே அங்கே போகிற மீன் தட்டோடு முள்ளெடுக்க ஓர் அகலக் கரண்டியும் வைப்பாள். சீனர் வீட்டுப் பந்தியில் சாப்பிடுகிற குச்சிகளைச் சோற்றில் நட்டு நிறுத்தினால் அது இழவு வீட்டு அடையாளம். அதனால் கிண்ணத்துக்கு ஒன்றாய்க் குச்சி சாத்துகிற சிறு கட்டைகளையும் எண்ணி வைப்பாள். தமிழர்கள் டம்ளர் மட்டும்தான் கேட்பார்கள். "தட்டை அவங்க மரத்துல இருந்து வெட்டிக்கிறாங்க, அவங்களால எனக்கு என்ன லாபம்?" என்று சிரிப்பாள். ஆனாலும் கல்யாண வீட்டில் இலையை எந்தப் பக்கம் மடிக்க வேண்டும், இழவு வீட்டில் எந்தப் பக்கம் என்பது அவளுக்குப் பாடம்.

அவள் வீட்டு முறை தனி. பாபா நோன்யாக்களின் வீடு அது; ஆணைப் பாபா என்றும் பெண்ணை நோன்யா என்றும் கூப்பிடுவார்கள். சீன வம்சம்தான் என்றாலும் பேச்சு மலாய். சாமி மாடத்தில் முன்னோர்களுக்குப் படைக்கிற சோற்றின் பக்கத்தில்தான் குச்சி இருக்கும். உயிரோடு இருப்பவர்கள் கையால் சாப்பிடுவார்கள், அதுவும் விரலின் முதல் கணுவுக்கு மேல் குழம்பு ஏறாமல். விருந்தாளி வந்தால் கரண்டியும் முள்கரண்டியும் வெளியே வரும்.

எதிர்ச் சுவர் அலமாரி முளைத்தது பிற்பாடுதான். பன்றிக்கறி புழங்குகிற கையிடம் தட்டு வாங்க எந்த மலாய்க்காரர் வருவார்? அறுபத்தேழாம் வருஷம் கல்சோம்தான் முதலில் வந்தாள். பாசிர் லாமா என்கிற கம்போங்கில், அதாவது மலாய்க் கிராமத்தில், பந்திச் சமையலுக்குத் தலைமை நிற்கிறவள் அவள். மசூதியின் தட்டுகள் அந்த வருஷ வெள்ளத்தில் போய்விட்டிருந்தன. கொட்டகையைச் சுற்றி வந்து, தொட்டியை முகர்ந்து பார்த்து, துணியை உதறிப் பார்த்துவிட்டு, "எல்லாம் புதுசா வாங்குவீங்களா நோன்யா? வேற எங்கயும் போகாதுன்னு சொல்வீங்களா?" என்று கேட்டாள். கிம் நியோ எல்லாவற்றையும் புதிதாகத்தான் வாங்கினாள். கல்சோம் போய்ச் சொன்ன ஒரு சொல்லுக்கு நான்கு கம்போங்குகள் வந்தன.

தட்டுகளில் குழப்பம் வராது. மலாய் வீடுகளுக்குப் போகிறவற்றின் விளிம்பில் பச்சைப் பூ இருக்கும். கரண்டிகளும் முள்கரண்டிகளும்தான் எல்லாம் ஒரே கடைச் சரக்கு, அச்சில் வார்த்தவை போல ஒன்றாக இருக்கும். கிம் நியோ அரம் எடுத்துக் காம்பின் பின்புறத்தில் தானே அடையாளம் போட்டாள். சீனர் வீட்டுக்கு ஒரு வெட்டு. மலாய்க்காரர் வீட்டுக்கு இரண்டு. சைவத்துக்கு வெட்டே கிடையாது.

எழுபத்தெட்டாம் வருஷம் கல்சோமின் மகள் சபாரியாவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை மூவார் ஊர்க்காரன். அவனுடைய தாத்தா அங்கே இமாம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு கல்சோம் வந்து, மர முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"மாப்பிள்ளையோட அம்மா கேட்டுட்டா நோன்யா. சீனத்தி வீட்டுத் தட்டுலயா எங்களுக்குச் சோறு போடப்போறீங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"நான் பொறுப்புன்னு சொன்னேன். பதினோரு வருஷமா ஒரு கரண்டி மாறினதில்லன்னு சொன்னேன். அவ மூஞ்சி இன்னும் நேராகல. அந்த இமாம் கிழவர் வேற எதுவும் பேசாம தாடிய நீவிக்கிட்டே இருந்தாரு. அவரை நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

"போய்க் கோழிய எண்ணு. தட்டு என் கவலை" என்று அனுப்பிவைத்தாள் கிம் நியோ.

அந்த வாரம்தான் எதிர்ச் சுவரிலிருந்த கரண்டிப் பெட்டியின் அடிப்பலகையைக் கரையான் அரித்திருந்தது. புதுப் பெட்டி வருகிற வரைக்கும் கரண்டிகளைச் சதுரமான பிஸ்கட் தகர டப்பா ஒன்றில் போட்டு வைத்தாள். வெள்ளிக்கிழமை மாலை ஒரு சீனர் கல்யாண வீட்டிலிருந்து பாத்திரங்கள் திரும்பி வந்தன. பன்றிக்குட்டியை முழுசாய் வாட்டிப் பரிமாறிய விருந்து. அவர்களும் கரண்டிகளைக் கழுவி அதே மாதிரி பிஸ்கட் தகரத்தில்தான் போட்டு அனுப்பியிருந்தார்கள். கிம் நியோ அவற்றை மறுபடி கழுவித் துடைத்து அந்தத் தகரத்திலேயே போட்டாள். இடப்பக்கத்துப் பலகை ஈரமாயிருந்தது. ஒரு நிமிஷத்துக்கு என்று தகரத்தை எதிர்ச் சுவர்ப் பலகையில் வைத்தாள். வாசலில் ஆள் கூப்பிட்டதும் போனவள், திரும்பி வந்து அதை எடுக்க மறந்துவிட்டாள்.

சபாரியாவின் கல்யாணத்தன்று, ஞாயிற்றுக்கிழமை காலை, ஹோக் லியோங் வேனில் பச்சைப்பூத் தட்டுகளை ஏற்றினான். எதிர்ச் சுவர்ப் பலகையில் முன்னால் இருந்த தகரத்தையும் ஏற்றினான். கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்து மின்விசிறிக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

பதினொன்றரை மணிக்குக் கிம் நியோ அலமாரி ஒழுங்கு பண்ணப் போனாள். பலகையில் ஒரு தகரம் மிச்சம் இருந்ததைப் பார்த்துவிட்டு, சீனர் வீட்டுக் கரண்டிகள்தானே, இடம் மாற்றிவிடலாம் என்று கையை விட்டாள். கண் பார்ப்பதற்கு முன்பே விரல் கண்டுகொண்டது. இரண்டு வெட்டு. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் இரண்டு. தகரத்தைத் தரையில் கவிழ்த்துக் கைநிறைய அள்ளித் தடவினாள். எல்லாமே இரண்டு.

அப்படியானால் பாசிர் லாமாவுக்குப் போனவை எவை என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பாபா, எழுந்திரு. வேன எடு."

"இப்பத்தானே படுத்தேன்."

"பன்னி தின்ன கரண்டி கல்சோம் வீட்டுல இருக்கு."

ஹோக் லியோங் செருப்பு கூடப் போடாமல் எழுந்தான்.

அரை மணி நேர வழி. தகரத்தை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி அவள் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தாள். வேன் குலுங்கும்போதெல்லாம் கரண்டிகள் சலசலத்தன.

"நான் பாத்து ஏத்தியிருக்கணும்" என்றான் ஹோக் லியோங்.

"அந்த இடத்துல அதைக் கொண்டு வச்சது நான்."

"சரி, ஒண்ணும் குடி முழுகிடல. பின்வாசல் வழியாப் போ. அதை எடு, இதை வை. சத்தம் போடாம வா."

"அதுக்குள்ள தின்னவங்க?"

"வாய்க்குத் தெரியுமா நியோ, கரண்டி எங்க இருந்து வந்துச்சுன்னு? நல்லாத் தேச்சுக் கழுவின கரண்டி. அந்தச் சீனர் வீட்டுல கழுவினாங்க, அப்புறம் நீயும் கழுவின."

"மலாய்க்காரங்க கணக்குல அது கழுவினது இல்ல. மண்ணு கரைச்ச தண்ணியில ஒரு தடவை, அப்புறம் நல்ல தண்ணியில ஆறு தடவை. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன், வாயத் தொறக்காதன்னு. நீ சொன்னா கல்சோம் தலையில நெருப்ப அள்ளிப் போட்ட மாதிரி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பந்தியில இருந்து எழுந்து போவாங்க. அந்தப் பொண்ணு நாளைக்கு மூவாருக்குப் போய்க் குடித்தனம் பண்ண வேணாமா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. வேன் தென்னந்தோப்பைத் தாண்டியது. பிறகு சொன்னாள்:

"எத்தனை பேர் தின்னாங்கன்னு எனக்குத் தெரியாது பாபா. தின்னது யாரு, அவங்க என்ன பண்ணணும், அது அவங்க பாடு. அவங்களுக்காக முடிவு பண்ணி மூடி மறைக்க நான் யாரு?"

"நாலு கம்போங்கும் போயிடும்."

"போகட்டும்."

சொல்லிவிட்டு மடியிலிருந்த தகரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

பாசிர் லாமாவில் பறைகளின் சத்தம் பாலம் வரைக்கும் கேட்டது. மணமக்கள் மேடையை விட்டு இறங்கும் நேரம். முற்றத்தில் பந்தலுக்கடியில் நீளப் பலகைகளில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கிம் நியோ பின்வாசலுக்குப் போகிற வழியிலேயே அவர்கள் கைகளைப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லோரும் வலது கையால் பிசைந்து சாப்பிட்டார்கள். ஒரு பையன் மட்டும் கறி அள்ள இடது கையில் அகப்பை பிடித்திருந்தான். அது அந்த ஊர்ப் பெண்கள் கொண்டுவந்த மர அகப்பை. அவள் நெஞ்சில் ஒரு விரற்கடை அளவு காற்று இறங்கியது.

பின்கட்டில் கல்சோம் ஆளுயர அண்டாவின் முன் நின்றிருந்தாள். முகமெல்லாம் புகையும் வியர்வையும்.

"நோன்யா, வந்துட்டீங்களா? தட்டு எண்ண இப்பவேவா வந்தீங்க? முதல்ல சாப்பிடுங்க."

"கல்சோம், கரண்டி எங்க?"

"கரண்டியா? கையால திங்கிற நோன்யாவுக்கு இன்னிக்குக் கரண்டி எதுக்கு?" என்று சிரித்த கல்சோம் அவள் கையிலிருந்த தகரத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

கிம் நியோ சுற்றி வளைக்கவில்லை. "தகரம் மாறிப்போச்சு. என் தப்பு. இங்க வந்தது சீனர் வீட்டுக் கரண்டி. வெள்ளிக்கிழமை பன்னி தின்ன விருந்துக்குப் போய் வந்தது. உன்னுது இந்தா இருக்கு."

கல்சோம் அகப்பையை அண்டாவின் விளிம்பில் வைத்தாள். பிறகு அடங்கிய குரலில் கேட்டாள்:

"இதை என்கிட்ட சொல்லாமலே மாத்தி வச்சிருக்கலாமே நோன்யா."

"வச்சிருக்கலாம். யாரு தின்னாங்கன்னு எனக்குத் தெரியாதே. உனக்குத்தானே தெரியும்."

"பந்தியில யாரும் கரண்டி கேட்கல. உங்க சீனப் போஸ்ட்மாஸ்டர் யாப் மட்டும் ஒண்ணு கேட்டு வாங்கினாரு." கல்சோமின் கை வாய்க்குப் போனது. "மணமக்கள் மேசை. அங்கதான் எல்லாருக்கும் போட்டிருக்கு."

பந்தி முழுக்கக் கையால் சாப்பிட்டாலும் மணமக்கள் மேசை வேறு. அதற்கு வெள்ளைத் துணி விரித்து, கைத்துண்டைத் தாமரை போல மடித்து, ஒவ்வொரு தட்டுக்கும் வலப்பக்கம் கரண்டி, இடப்பக்கம் முள்கரண்டி வைப்பார்கள். மணமக்களும் சம்பந்திமார்களும் மட்டும் அதில் உட்காருவார்கள். இருவரும் நடுக்கூடத்துக் கதவுக்கு ஓடினார்கள்.

எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. நடுவில் சபாரியாவும் மாப்பிள்ளையும். மாப்பிள்ளையின் அம்மா தட்டுக்குப் பக்கத்திலிருந்த முள்கரண்டியை நேராக்கிக்கொண்டிருந்தாள். இமாம் தாத்தா மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். சோறு போட்டாகிவிட்டது. மூத்தவர் ஆரம்பித்தால்தான் மற்றவர்கள் தொடுவார்கள். அவரோ துவாப் பிரார்த்தனை ஓதிக் கையை முகத்தில் தடவிக்கொண்டிருந்தார்.

கரண்டிகளை வாரி எடுத்தால் எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள். எடுக்காவிட்டால் இன்னும் ஒரு நொடியில் அது வாய்க்குள் போகும். கல்சோம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு கல்சோம் தலைத்துணியின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். யாரை நினைத்து ஒரு வாரமாய்ப் பயந்தாளோ, நேராக அவரிடமே போய் முதுகை வளைத்துக் காதோரம் ஏதோ சொன்னாள். நாலு வாக்கியம் இருக்கும். கிழவர் தாடியை நீவினார். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உயர்த்திக் கதவோரம் நின்ற கிம் நியோவைப் பார்த்தார். அவள் கையில் தகரம்.

"கை கழுவுற கெண்டி எங்கம்மா?" என்றார் கிழவர், எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்கு இந்த இரும்பெல்லாம் ஒத்துவராது. நல்ல நாளும் அதுவுமா ஆண்டவன் கொடுத்த அஞ்சு விரல் இருக்கு. இதையெல்லாம் எடுத்துட்டுப் போங்க, சாப்பிட இடைஞ்சலா இருக்கு."

மாப்பிள்ளையின் அம்மா, "மாமா, மேசையில போய்..." என்று இழுத்தாள்.

"மேசையில இருந்தா கை வேலை செய்யாதா?"

கெண்டி வந்தது. கிழவர் கை கழுவினார். மூத்தவர் கை கழுவியபின் இளையவர்கள் கரண்டி பிடித்தால் அது அவரை இடித்துக் காட்டியது போல. மாப்பிள்ளையின் அம்மா வளையலை மேலே தள்ளிக்கொண்டு விரலை நீட்டினாள். மாப்பிள்ளை நீட்டினான். மருதாணிக் கையைச் சபாரியாவும் நீட்டினாள். கல்சோம் கரண்டிகளையும் முள்கரண்டிகளையும் ஒரு துணியில் ஒற்றை ஒற்றையாய் எடுத்துச் சுற்றினாள்.

பின்கட்டுக்கு வந்ததும் கல்சோம் படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் கிம் நியோவும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"திட்டு" என்றாள் கிம் நியோ.

"திட்ட எனக்கு மூச்சு வரணும்ல."

விருந்து முடிந்ததும் கிழவரே பின்கட்டுக்கு வந்தார். பல் குத்திக்கொண்டே நின்றார். கிம் நியோ எழுந்து, மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். தகரம், கரையான், ஈரப் பலகை. எதையும் விடவில்லை. கிழவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மேசைத்துணி ஈரமா இருந்துச்சா?"

"இல்ல தோக், காஞ்ச துணி" என்றாள் கல்சோம். தோக் என்றால் தாத்தா.

"கரண்டி?"

"அதுவும் காஞ்சதுதான்."

"காஞ்சது காஞ்சதத் தொட்டா எதுவும் ஒட்டாது. அப்புறம் என்ன?" என்றார். "யாராவது அதுல சாப்பிட்டாங்களா?"

"போஸ்ட்மாஸ்டர் யாப் மட்டும், தோக்" என்றாள் கல்சோம்.

கிழவர் பல் குத்துவதை நிறுத்தி யோசித்தார். "அவர் வயித்துக்கு அந்தப் பிராணி பழைய சிநேகமா இருக்கும்" என்றார்.

முதலில் கல்சோமின் தோள் குலுங்கியது. பிறகு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். கிம் நியோவுக்குச் சிரிப்பு வந்தபோது கூடவே கண்ணிலும் நீர் வந்துவிட்டது. கெபாயாச் சட்டையின் கையில் அதை ஒற்றிக்கொண்டாள்.

"பேரனோட அம்மாகிட்ட, என் மருமககிட்ட, நாளைக்கு நானே சொல்லிக்கிறேன்" என்றார் கிழவர். "மறைக்கிறதா இல்ல. இன்னிக்கு அவ நிம்மதியாச் சாப்பிட்டுட்டுப் போகட்டும். நோன்யா, அந்த வெட்டு எப்படிப் போட்டிருக்கீங்கன்னு காட்டுங்க, பார்க்கலாம்."

அவள் தகரத்திலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். கிழவர் கட்டை விரலால் இரண்டு வெட்டையும் தடவிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார், அதையும் தடவினார். எட்டுப் பத்து பார்த்திருப்பார். "ம்" என்று தகரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போனார்.

கல்சோம் எழுந்து ஒரு பச்சைப்பூத் தட்டை எடுத்தாள். சோறு, கோழி, ஒரு கரண்டி அன்னாசிப் பச்சடி. "உட்காருங்க. காலையில இருந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்டீங்க."

"பாபா வேனுக்குள்ள பயந்துபோய் உட்கார்ந்திருக்கான். அவனைக் கூப்பிடணும்."

"யாரு பயந்திருக்காங்க? அங்க பாருங்க."

ஹோக் லியோங் பந்தலின் கடைசிப் பலகையில் இரண்டு மலாய்க் கிழவர்களுக்கு நடுவே உட்கார்ந்து கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தான். அது இரண்டாம் தட்டாயிருக்கும். கிம் நியோ அவன் பின்னால் போய் நின்றாள்.

அவன் திரும்பாமல், உதடு அசையாமல் கேட்டான்: "மாத்திட்டியா?"

"சொல்லிட்டேன்."

மெல்லுகிற வாய் நின்றது. "சொல்லிட்டியா? யார்கிட்ட?"

"கல்சோம்கிட்ட. அப்புறம் இமாம்கிட்ட."

ஹோக் லியோங் தன் தட்டைப் பார்த்தான். சோறு பரிமாறுகிறவன் கூடையோடு அந்தப் பக்கம் வந்து, கேட்காமலே இன்னொரு அகப்பை வைத்துவிட்டுப் போனான்.

"அப்புறம் ஏன் இன்னும் சோறு போடறாங்க?" என்றான் அவன்.

"தின்னு" என்று சொல்லிவிட்டு, கிம் நியோ அவன் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்து, கெண்டிக்காகக் கையை நீட்டினாள்.